நேகிள்: ஒரு ஐரிஷ் குடும்பப் பெயரின் கதை

இந்த மலருக்காகப் பழைய மாணவிகளின் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை மலர்க்குழு என்னிடமும் இன்னும் இருவரிடமும் ஒப்படைத்திருந்தது. சுலபமான வேலை என்றுதான் நினைத்தோம். சேர்வுப் பதிவேட்டில் தகப்பனாரின் பெயரோடு இருக்கும் பிள்ளை, சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் கணவரின் பெயரோடு இருப்பார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நிச்சயப்படுத்த, அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்த யாரையாவது தேடிப்பிடிக்க வேண்டும். சிலரை அப்படியும் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்களிடையே தகப்பன் பெயர் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். பெண்பிள்ளைக்கோ அந்த ஒரு தலைமுறை கூட முழுதாகக் கிடைப்பதில்லை.

அந்த வேலைக்கிடையே எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்த பெயர் ஒன்று உண்டு. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அயர்லாந்தில் வழங்கிவரும் நேகிள் என்ற குடும்பப் பெயர். அது பிரான்சிலிருந்து வந்த நோர்மன் போர்வீரர்களின் வழியில் வந்தது. இன்றோ அந்தப் பெயரைச் சொன்னால் உலகின் பல நாடுகளில் பெண்பிள்ளைகளின் பாடசாலைதான் நினைவுக்கு வருகிறது. இடையில் நடந்ததை எழுதலாம் என்று குழுவினரிடம் கேட்டேன், சம்மதித்தார்கள்.

நோர்மன்கள் என்போர் வடகடலோடிகளின் வழித்தோன்றல்கள். பிரான்சின் வடகரையில் குடியேறி, பிரெஞ்சு மொழியைத் தமதாக்கி, 1066 இல் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அங்கிருந்து வேல்சின் தென்கரைக்குப் பரவினார்கள். அயர்லாந்துக்கு அவர்களை அழைத்து வந்தவன் ஓர் ஐரிஷ் அரசனே. லென்ஸ்டர் அரசன் டெர்மட் மக்மரோ தன் இராச்சியத்தை இழந்து, இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியிடம் உதவி கேட்டுப் போனான். 1169 இல் முதற் படை வந்து இறங்கியது. அடுத்த ஆண்டு ‘ஸ்ட்ரோங்போ’ எனப்பட்ட பெம்புரோக் பிரபு வந்தான். டெர்மட் தன் மகள் ஈஃபாவை அவனுக்கு மணம் முடித்துக் கொடுத்தான். உதவிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. 1171 இல் ஹென்றியே நேரில் வந்து, அடுத்த ஆண்டு மீத் என்னும் பெரிய நிலப்பரப்பை ஹியூ டி லேசி என்ற பிரபுவுக்குக் கொடுத்தான். லேசி அதைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டான். அந்தப் பங்கில் மோர்கலியன் என்ற பகுதி கில்பர்ட் டி அங்குலோ என்பவனுக்கும், நவன் என்ற ஊரும் ஆர்ட்பிராக்கன் நிலமும் அவன் மகன் ஜோஸ்லினுக்கும் போயின.

நேகிள் என்ற பெயரின் வேர் இந்த ‘டி அங்குலோ’தான். ‘டி’ என்றால் ‘இன்ன இடத்தைச் சேர்ந்த’ என்று பொருள். ‘அங்குலஸ்’ என்பது இலத்தீனில் மூலை. வேல்சின் பெம்புரோக் கரையில் ஆங்கிள் என்ற கிராமம் இன்றும் இருக்கிறது. குடும்பம் அங்கிருந்து வந்தது என்பது வழக்கமான விளக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தை அது இருந்த வளவின் பெயராலேயே ஊர் அழைப்பதுண்டு அல்லவா, அதுபோல இவர்கள் ‘மூலையார்’. ‘அங்கிள்’ என்பதற்கு முன்னால் நின்ற சிறு சொல்லின் கடைசி எழுத்து ஒட்டிக்கொண்டு ‘நாங்கிள்’ ஆயிற்று. எழுதுவோர் ஒருவர் பிழை மற்றவரின் வழக்காகிப் பெயர்கள் வளர்வதை எந்தப் பாடசாலைப் பதிவேட்டிலும் பார்க்கலாம்.

மீத்தில் தங்கிய கிளை ‘நாங்கிள்’ என்றே நிலைத்தது. நவன் பிரபுக்கள் என்று அவர்கள் அறியப்பட்டார்கள். டப்ளினுக்கு அண்மையில், ஆங்கில ஆட்சியின் நிழலிலே இருந்தபடியால் பெயர் அதிகம் மாறத் தேவை ஏற்படவில்லை.

மேற்கே போன கிளையின் கதை வேறு. அடுத்த தலைமுறையில் ஒரு கில்பர்ட் டி அங்குலோ அரச ஆணையை மீறி நாடு கடத்தப்பட்டவன் போலானான். அவன் கொனாக்ட் இராச்சியத்துக்குப் போய், ‘செங்கையன்’ என்ற பட்டப்பெயருடைய ஐரிஷ் அரசன் காஹலிடம் படைத்தொழில் செய்தான். நோர்மன் ஒருவன் ஐரிஷ் அரசனின் சேவகத்தில். ஐரிஷ்காரர் அந்தக் குடும்பத்தைத் தங்கள் முறைப்படியே அழைத்தார்கள். ஐரிஷ் மொழியில் ‘மாக்’ என்றால் மகன், ‘ஓ’ என்றால் பேரன் வழியினன். ஜோஸ்லின் என்ற பெயர் அவர்கள் நாவில் வேறு வடிவம் எடுக்க, ஜோஸ்லினின் பிள்ளைகள் ‘மாக் கொஷ்டெல்வி’ ஆனார்கள். அதுவே பின்னர் மக்கோஸ்டெலோ; பின்னர் வெறும் கோஸ்டெலோ. ஷனன் ஆற்றின் ரீ ஏரியில் உள்ள ஒரு மடத்துத் தீவை இவர்கள் சூறையாடியதை ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் 1193 ஆம் ஆண்டின் கீழ் சொல்கின்றன. நோர்மன் குடும்பம் ஒன்று ‘மாக்’ போட்ட பெயரால் எழுதப்பட்டது அதுவே முதன்முறை என்பர். வந்து இறங்கி இருபத்தைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை!

ஆக்கிரமிக்க வந்தவர்கள் ஐரிஷ் பேசி, ஐரிஷ் பெண்களை மணந்து, ஐரிஷ் சட்டப்படி வழக்குத் தீர்த்துக் கொள்வது இங்கிலாந்து அரசுக்குப் பெருங்கவலையாயிற்று. 1366 இல் கில்கெனி நகரில் கூடிய நாடாளுமன்றம், ஆங்கிலேயர் ஐரிஷ் மொழி பேசுவதையும் ஐரிஷ் பெயர் வைப்பதையும் ஐரிஷ் வீடுகளில் சம்பந்தம் செய்வதையும் தடைசெய்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி ஆங்கிலமல்ல, நோர்மன் பிரெஞ்சு! என் மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கும். சட்டத்தால் கோஸ்டெலோக்களின் பெயர் மாறவில்லை. மேயோ மாவட்டத்தில் அவர்களின் பெயரால் ஒரு பகுதியே வழங்கியது. வோல்ட்ரன் என்ற இன்னொரு குடும்பப் பெயரும் அவர்களிலிருந்து கிளைத்ததே.

இன்று கோஸ்டெலோ என்று கேட்டால் பலர் இத்தாலியப் பெயர் என்று நினைப்பார்கள். அயர்லாந்தின் பிரதமராக இருந்து, 1948 இல் அந்நாட்டைக் குடியரசாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து பிரித்தானிய முடியுடனான கடைசித் தொடுப்பை அறுத்தவர் ஜோன் ஏ. கோஸ்டெலோ. ஹென்றி மன்னனின் படையோடு வந்த பெயர், அந்த முடியையே வழியனுப்பி வைத்தது. எல்விஸ் கோஸ்டெலோ என்ற பாடகரின் இயற்பெயர் மக்மேனஸ். கோஸ்டெலோ என்பது அவரது முன்னோரில் ஒரு பெண்மணியின் பிறந்த வீட்டுப் பெயர். இதைப் படித்தபோது எங்கள் பெயர்ப்பட்டியலை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கிளை தெற்கே கோர்க் மாவட்டத்துக்குப் போயிற்று. பிளாக்வாட்டர் ஆற்றின் கரையில் மொனானிமி என்ற கோட்டையும் அதைச் சுற்றிய நிலங்களும் அவர்களுடையவை. அங்கேதான் ‘நாங்கிள்’ மெலிந்து ‘நேகிள்’ ஆனது. ஐரிஷில் ‘டி நோக்லா’. அருகிலுள்ள குன்றுகள் இன்றும் நேகிள் மலைகள் என்றே வரைபடத்தில் இருக்கின்றன. ஐரிஷ் முறையில் ‘மாக்’ பெயருடைய வீட்டு மகளுக்கு ‘நிக்’ என்றும் மனைவிக்கு ‘விக்’ என்றும் பெயரின் முன்னொட்டு மாறும். பெயரைக் கேட்டாலே மகளா மருமகளா என்று தெரிந்துவிடும். ‘டி’ போட்ட நோர்மன் பெயர்களுக்கு அந்த மாற்றமில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து புரட்டஸ்தாந்த நாடானது. கோர்க்கின் நேகிள்கள் பெரும்பாலும் கத்தோலிக்கராகவே இருந்தார்கள். நோர்மன் என்றும் ஐரிஷ் என்றும் இருந்த பிரிவினை தேய்ந்து, எந்தச் சமயம் என்பதே இனிக் கேள்வியாயிற்று. கத்தோலிக்க மன்னன் இரண்டாம் ஜேம்சின் காலத்தில் சேர் ரிச்சர்ட் நேகிள் என்ற சட்டத்தரணி அயர்லாந்தின் சட்டமா அதிபராகி, 1689 இல் டப்ளினில் கூடிய நாடாளுமன்றத்தின் சபாநாயகராகவும் இருந்தார். குடும்பத்தின் உச்சம் அது. அடுத்த ஆண்டு பொயின் ஆற்றங்கரையில் ஜேம்ஸ் தோற்றான். 1691 இல் போர் முடிந்தது. சேர் ரிச்சர்ட் பிரான்சுக்குப் போய் அங்கேயே 1699 இல் காலமானார். அவரது முன்னோர் எங்கிருந்து வந்தார்களோ அங்கேயே அகதியாக.

தோற்றவர்கள்மீது வந்தவை தண்டனைச் சட்டங்கள். 1695 ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் பிள்ளைகளைப் படிப்புக்காக வெளிநாடு அனுப்புவதைத் தடுத்தது. உள்நாட்டில் கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்தினால் 20 பவுண் தண்டமும் மூன்று மாதச் சிறையும். வெளியேயும் படிக்கக்கூடாது, உள்ளேயும் படிக்கக்கூடாது. 1704 இல் வந்த சட்டப்படி கத்தோலிக்கரின் நிலம் எல்லா மகன்மாருக்கும் துண்டாடப்பட வேண்டும். மூத்தவன் அரசாங்கத் திருச்சபையில் சேர்ந்தால் முழுவதும் அவனுக்கு. 1709 இல், கத்தோலிக்க ஆசிரியரைக் காட்டிக்கொடுப்பவருக்கு 10 பவுண் சன்மானம். வேலிக்கரைகளிலும் இடிந்த சுவர்களின் மறைவிலும் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். மொனானிமிக் கோட்டையின் இடிபாடும் அப்படி ஒரு பள்ளிக்கூடமாயிற்று. அங்கே சிறிது காலம் படித்த பிள்ளை எட்மண்ட் பேர்க். பிற்காலத்தில் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பெரும் பேச்சாளர். அவருடைய தாய் மேரி, நேகிள் வீட்டுப் பெண். மகன்மார் தகப்பனின் புரட்டஸ்தாந்த சமயத்திலும் மகள் தாயின் கத்தோலிக்க சமயத்திலும் வளர்ந்த வீடு அது. தமிழருக்கும் பேர்க்கைத் தெரிந்திருக்க வேண்டும். ஆர்க்காட்டு நவாப்பின் கடன்கள் பற்றி 1785 பெப்ரவரியில் அவர் ஆற்றிய உரையில், கர்நாடகப் பிரதேசத்தின் குளங்களைக் கட்டிய பழைய அரசர்களைப் போற்றி, அந்த நாட்டைச் சீரழித்த கம்பனிக்காரரையும் கடன்காரரையும் தாக்கினார். தாய்வழியில் வந்த அனுபவமும் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

ஆனால் நேகிள் பெயரை உலகறியச் செய்தவர் பேர்க்கல்ல. அவரிலும் பதினொரு வயது மூத்த உறவுப்பெண். 1718 இல் பிளாக்வாட்டர் பள்ளத்தாக்கின் பாலிகிரிபின் என்ற இடத்தில் பிறந்த ஹொனோரா நேகிள். ஹொனோரா என்ற பெயரும் நோர்மன்கள் கொண்டுவந்ததே. வீட்டில் நானோ என்று கூப்பிட்டார்கள். எழு பிள்ளைகளில் மூத்தவர். வசதியான குடும்பமாகையால் சட்டத்தை மீறிப் பிரான்சுக்கு அனுப்பிப் படிப்பித்தார்கள். பாரிசில் ஒரு விருந்து முடிந்து விடிய வண்டியில் வீடு திரும்பியபோது, கோவில் கதவு திறக்கும்வரை பனியில் காத்து நின்ற ஏழைகளைக் கண்டதும் அவர் மனம் மாறியது என்பது சொல்லிவரும் கதை. 1746 இல் தகப்பனார் காலமாக, ஊர் திரும்பினார். பாரிசிலிருந்து தான் கொண்டுவந்த பட்டுத் துணியைத் தங்கை ஏழைகளுக்காக விற்றுவிட்டது தெரிய வந்தது அப்போதுதான் என்பார்கள். மீண்டும் பிரான்சுக்குப் போய்க் கன்னியர் மடத்தில் சேர எண்ணினார். உன் வேலை அயர்லாந்தில்தான் என்று ஆன்ம குரு சொல்லித் திருப்பி அனுப்பினார்.

கோர்க் நகரில் தம்பி ஜோசப்பின் வீட்டில் தங்கியிருந்தபடி, 1754 அளவில், வீட்டாருக்குத் தெரியாமல் கோவ் லேன் என்ற ஒழுங்கையில் ஒரு மண் குடிலை வாடகைக்கு எடுத்தார். முப்பது பிள்ளைகளளவில் சேர்ந்தார்கள். காலையில் அவர் தேவாலயத்துக்குப் போகிறார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். இரகசியம் வெளிவந்த விதத்தை அவரே 1769 இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஓர் ஏழை தம்பியிடம் வந்து, உங்கள் தமக்கையிடம் சொல்லி என் பிள்ளையையும் அவருடைய பள்ளிக்கூடத்தில் சேர்த்து விடுங்கள் என்று கெஞ்சினாராம். தம்பிக்குக் கடுங்கோபம். அது வெறும் ஆணவக் கோபமல்ல. சட்டத்துக்கு அகப்பட்டால் குடும்பத்துக்கு மிஞ்சியிருந்ததும் போயிருக்கும். தகப்பனாரின் சகோதரர் ஜோசப் நேகிளின் கோபம் இன்னும் பெரிது. அவர் சட்டத்தின் ஓட்டைகளைக் கொண்டே குடும்பச் சொத்தைக் காப்பாற்றி வந்தவர். பெண்பிள்ளை ஒருத்தி அதையெல்லாம் ஓர் ஒழுங்கைப் பள்ளிக்கூடத்துக்காகப் பணயம் வைக்கிறாளே என்ற கோபம். பிறகு இருவருமே மனம் மாறினார்கள். 1757 இல் அந்தப் பெரியவர் இறந்தபோது நானோவுக்கே பெரும் பொருள் விட்டுப் போனார். சட்டத்திடமிருந்து காப்பாற்றிய பணம், சட்டம் தடுத்த வேலைக்கே போயிற்று.

ஒன்பது மாதத்தில் இருநூறு பிள்ளைகள். 1769 அளவில் ஏழு பள்ளிக்கூடங்கள்: ஐந்து பெண்பிள்ளைகளுக்கு, இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு. இந்தக் கணக்கை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏழைக் குடும்பம் ஒரு பிள்ளையைப் படிக்க அனுப்புவதென்றால் மகனை அனுப்பும். அந்தக் காலத்தில், அந்த நகரத்தில், ஒருவர் ஐந்தைப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கினார். வாசிப்பும் எழுத்தும் ஞானோபதேசமும் தையலும் படிப்பித்தார்கள். நாளெல்லாம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பாடம் சொல்லிவிட்டு, இரவில் லாந்தரோடு நோயாளிகளின் வீடுகளுக்குப் போவார். அந்த லாந்தர் இன்றும் அவருடைய சின்னம்.

தனக்குப் பின் இதை யார் நடத்துவது என்ற கவலையில், 1771 இல் பாரிசில் பயிற்சி பெற்ற உர்சுலின் கன்னியரைக் கோர்க்குக்கு அழைத்தார். மடத்துக்குச் செலவழித்தவரும் அவரே. ஆனால் உர்சுலின் விதிப்படி கன்னியர் மடச்சுவரைத் தாண்டி வெளியே போக முடியாது. குடிலிலுள்ள பிள்ளைகள் சுவருக்குள் வர முடியாது. எனவே 1775 நத்தார் பண்டிகைக்கு முதல் நாள் மூன்று தோழிகளுடன் தானே புதியதொரு சபையைத் தொடங்கினார். தோழிகளில் ஒருவர் எலிசபெத் பேர்க். பேர்க் என்பதும் நோர்மன் பெயர்தான், டி பேர்க் என்ற இன்னொரு படைத்தலைவனின் வழி. 1777 நத்தாரன்று புதிய மடத்தில் ஐம்பது பிச்சைக்காரருக்கு விருந்து வைத்து, கன்னியரே பரிமாறினார்கள்.

துறவு பூண்டபோது நானோ தன் பெயரை விட்டு, இறைவனின் புனித அருளப்பர் என்ற துறவுப் பெயரைச் சூடினார். குடும்பப் பெயர் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கோர்க் மக்கள் அந்தத் துறவுப் பெயரை நினைவில் வைக்கவில்லை. அவர்களுக்கு அவர் கடைசிவரை மிஸ் நேகிள்தான். 1782 இல் சட்டம் தளர்ந்து, அரசாங்கத் திருச்சபை ஆயரின் அனுமதிப் பத்திரத்தோடு கத்தோலிக்கர் படிப்பிக்கலாம் என்றாயிற்று. அவர் 1784 ஏப்ரல் 26 இல் காலமானார். ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பள்ளிக்கூட வாழ்க்கையில் சட்டப்படி நடந்தது கடைசி இரண்டு ஆண்டுகள்தான்.

அவருடைய கன்னியர் பின்னர் பிரசன்டேஷன் சபையார் எனப் பெயர் பெற்றனர். 1833 இல் நியூபவுண்லாந்துக்குப் போனார்கள். எங்களுக்குக் கிட்டியது 1842: அந்த ஆண்டு அயர்லாந்தின் மேனூத் மடத்திலிருந்து சிறு குழுவொன்று சென்னைக்கு வந்து, இன்று ஜோர்ஜ் டவுன் எனப்படும் பகுதியில் பாடசாலை தொடங்கியது. சென்னையில் 1909 இல் அவர்கள் தொடங்கிய சேர்ச் பார்க் கொன்வென்ட்டைப் பற்றி எங்கள் வாசகிகளில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகின் எந்தப் பகுதியிலும் உதவ முடிந்தால் மனமுவந்து செய்வேன் என்று நானோ அந்த 1769 ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருந்தார். 

நேகிளின் அண்ணன்முறையான நாங்கிள் பெயருக்கும் பள்ளிக்கூடக் கதை உண்டு. மீத் மாவட்டத்து நாங்கிள் வழியில் வந்த எட்வர்ட் நாங்கிள் என்ற புரட்டஸ்தாந்த குருவானவர், 1830களில் மேயோவின் அகில் தீவில் கத்தோலிக்கப் பிள்ளைகளைத் தம் சமயத்துக்குத் திருப்பப் பாடசாலைகள் நடத்தினார். பஞ்ச காலத்தில் அங்கே உணவும் மதமாற்றமும் ஒன்றாகக் கொடுக்கப்பட்டன என்ற கசப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஒரே ‘மூலை’யிலிருந்து புறப்பட்ட மூன்று பெயர்கள், ஒன்று நாடாளுமன்றத்துக்கும், இரண்டு எதிரெதிர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

கோவ் லேன் இப்போது டக்லஸ் தெரு. 1985 இல் லீ ஆற்றின் குறுக்கே திறந்த நடைபாலத்துக்கு நானோ நேகிள் பாலம் என்று பெயர்; 2013 இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது; 2017 இல் அவருடைய மடமும் கல்லறையும் உள்ள வளவைப் புதுப்பித்து அருங்காட்சியகத்தோடு திறந்தார்கள். ஆனால் அந்த முதல் முப்பது பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வார் இல்லை. மறைவில் நடந்த பள்ளிக்கூடம். வரவுப் பதிவேடு வைத்திருந்தால் அதுவே நீதிமன்றத்தில் சாட்சியாகியிருக்கும்.

எங்கள் பதிவேடுகளுக்கு அப்படியொரு தடை இருந்ததில்லை. இம்மலரின் பின்பகுதியில் உள்ள பட்டியலில் தகப்பனாரின் பெயரும் கணவரின் பெயரும் இரண்டுமே தரப்பட்டுள்ளன. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் படித்தவர்களில் நாற்பத்தொரு பேருடைய பிற்காலப் பெயர் இன்னும் வெற்றிடமாக இருக்கிறது. அம்மா, அம்மம்மா, பெரியம்மா யாராவது அதில் இருந்தால், சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.